குடிநோய்ச் சிகிச்சை எப்போது பலன் தருகிறது?

(பெங்களூரு லிங்கராஜபுரத்தில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



லிங்கராஜபுரத்தில் மாதர் சங்கத் தோழர்கள் ரேஷன் அட்டை, குடிநீர், வீட்டுமனைப் பட்டா ஆகிய பிரச்சனைகளுக்காக வீடு வீடாகச் செல்லும்போது, அவற்றோடு சேர்த்து இன்னொரு கேள்வியும் அவர்களிடம் கேட்கப்படுகிறது. "எந்த சென்டரில் சேர்த்தால் இவர் குடியை விடுவார்?" என்பதே அந்தக் கேள்வி. கேட்பவர் பெரும்பாலும் மனைவி. சில வீடுகளில் தாய். தாலியை அடகு வைத்தேனும் பணம் கட்டத் தயாராக இருக்கும் பெண்ணுக்கு, ஒரு கட்டிடத்தின் முகவரியை மட்டும் சொல்லி அனுப்புவது போதிய பதில் ஆகாது. எந்தக் கட்டிடம் என்பதைவிட, அங்கே என்ன நடக்கிறது, அங்கிருந்து திரும்பி வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே முக்கியம். இன்றைய வகுப்பு அதைப் பற்றியது.

பெங்களூருவின் உழைக்கும் மக்களுக்கு இது புதிய துயரம் அன்று. 1981 ஜூலையில் இந்நகரில் விஷச் சாராயம் குடித்து 300-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜூலை 1 முதல் கர்நாடக அரசு சாராயத்தைத் தடை செய்தது. அடுத்த ஆண்டே, 2008 மே மாதத்தில், பெங்களூருவைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் எல்லைக்கு அப்பால் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் 150-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் அதுவே நிகழ்ந்தது. கடையை மூடியதும் நோயாளியின் உடலில் உள்ள நோய் மறைந்துவிடுவதில்லை. சிகிச்சைக்கு வழி செய்யாமல் தடையை மட்டும் விதித்தால், நோயாளி மலிவான நஞ்சைத் தேடிப் போகிறார். மறுபுறம், மதுவிலிருந்து ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் ஈட்டும் அரசு, அதே மதுவால் நோயுற்றவர்களின் சிகிச்சைக்கு எவ்வளவு செலவிடுகிறது என்ற கேள்வியும் எழுகிறது.

நோயின் பரப்பு

மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக தில்லி எய்ம்ஸ் நிறுவனத்தின் தேசிய போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அதன்படி, நாட்டில் 10 முதல் 75 வயது வரையிலானோரில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மருத்துவ உதவி தேவைப்படும் அளவுக்குப் பிரச்சனை முற்றியுள்ளது. ஆயின், மதுச் சார்புநிலைக்கு ஆட்பட்ட 38 பேரில் ஒருவருக்கு மட்டுமே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர்தாம். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வும், மதுவால் நோயுற்றோரில் 86 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே நிற்பதாகக் கண்டது.

உலகப் புகழ்பெற்ற நிம்ஹான்ஸ் இதே நகரில்தான், ஓசூர் சாலையில் இருக்கிறது. அதன் போதைநோய் மருத்துவ மையத்துக்குத் தென்னிந்தியா முழுவதிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். எனினும், லிங்கராஜபுரத்தில் நாள் கூலிக்கு வண்ணம் பூசும் ஒரு தொழிலாளி அங்கே சென்று வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மாதந்தோறும் அவ்வாறு இழப்பது அவரால் இயலாது. சிகிச்சை தொடராமல் போவதற்கு மனவுறுதி இல்லாமையைக் காரணமாகச் சொல்வது எளிது. போன நாளுக்கெல்லாம் கூலி போகும் என்பதே பல வீடுகளில் உண்மையான காரணம்.

குற்றமா, நோயா?

உழைக்கும் மக்களின் குடிப்பழக்கத்தை ஒழுக்கக் கேடாக மட்டும் பார்ப்பது ஆளும் வர்க்கத்தின் பழைய வழக்கம். 1845-இல் வெளியான 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை' என்ற நூலில், காற்றும் வெளிச்சமும் அற்ற வீடு, ஓய்வற்ற உழைப்பு, நாளை பற்றிய நிச்சயமின்மை ஆகியவற்றோடு இணைத்தே எங்கெல்ஸ் குடியை விளக்கினார். அந்த விளக்கம் இன்றும் பொருந்தும். ஆனால் சமூகக் காரணத்தைச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிடுவதும் தவறு. சமூகம் மாறும் வரை காத்திருக்க ஈரலுக்கு அவகாசம் இல்லை. நெடுநாள் குடியால் மூளையின் இயக்கமே மாறிவிடுகிறது. விருப்பம் இருந்தும் நிறுத்த முடியாத நிலை ஏற்படுகிறது. இதுவே சார்புநிலை.

இதை எவ்வகை நோயாகக் கொள்வது என்பதில்தான் சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கின்றன. டைபாய்டு காய்ச்சல் போல ஒருமுறை மருந்துண்டு முடிந்துவிடும் நோயாக இதைக் கருதுவோர், பத்து நாள் சிகிச்சைக்குப் பின் மீண்டும் குடித்தவரைக் கண்டு "காசு வீண்" என்று கைவிடுகின்றனர். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை இதை நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தது. போதைநோயில் 40 முதல் 60 விழுக்காட்டினர் மீண்டும் சறுக்குகின்றனர். இரத்தக் கொதிப்பிலும் ஆஸ்துமாவிலும் 50 முதல் 70 விழுக்காட்டினருக்கு நோய் மீண்டும் தலைதூக்குகிறது. சர்க்கரை கூடிய நோயாளியை மருத்துவர் திட்டி விரட்டுவதில்லை. மருந்தின் அளவை மாற்றுகிறார். குடிநோயாளிக்கும் அந்த நீதி கிடைக்க வேண்டும்.

முதல் பத்து நாள்

பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தோன்றும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாள்களில் சிலருக்கு மனக்குழப்பம் ஏற்பட்டு, இல்லாத உருவங்கள் தெரியும், இல்லாத குரல்கள் கேட்கும். மருத்துவக் கவனிப்பு இல்லையெனில் இந்நிலை உயிரையே பறிக்கலாம். எனவே, வீட்டு அறையில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்துவது வீரம் அன்று, ஆபத்து. குளோர்டயாசிபாக்சைடு, லோரசிபாம் போன்ற மருந்துகளை மருத்துவர் அளந்து கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். தயமின் எனப்படும் பி-1 வைட்டமின் ஊசி கட்டாயம் தேவை. அது தரப்படாவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகச் சிதையக்கூடும். ஏழு முதல் பத்து நாளில் இக்கட்டம் முடிகிறது.

உடலிலிருந்து நஞ்சை நீக்கும் இந்தக் கட்டம் சிகிச்சையின் வாசற்படி மட்டுமே. இதையே முழுச் சிகிச்சை என்று எண்ணுவதுதான் நாட்டில் மிகப் பரவலாக உள்ள தவறு. ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைகளில் இத்தவறு உயிருக்கே உலை வைக்கிறது. சில வாரங்கள் நிறுத்தியவரின் உடல் பழைய அளவைத் தாங்கும் திறனை இழந்துவிடும். வெளியே வந்து அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவேதான் அந்நோயில் புப்ரினார்ஃபின், மெத்தடோன் ஆகிய மாற்று மருந்துகளை மாதக்கணக்கில், தேவையானால் ஆண்டுக்கணக்கில் மருத்துவக் கண்காணிப்பில் தருகின்றனர். பஞ்சாப் அரசு 2017 முதல் புறநோயாளி மையங்கள் வழியாக இத்தகைய மருந்தை வழங்கி வருகிறது. ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று இதனை ஏளனம் செய்வோர் உண்டு. இம்மருந்து உண்பவர் வேலைக்குப் போகிறார், ஊசியைப் பகிர்வதில்லை, உயிரோடிருக்கிறார்.

மதுவுக்கும் மருந்துகள் உண்டு. வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் ஆகியவற்றை மருத்துவர் நோயாளியின் ஈரல், சிறுநீரக நிலையைப் பார்த்துத் தேர்வு செய்வார். டைசல்ஃபிரம் என்னும் மருந்தை உண்டவர் குடித்தால் கடுமையான வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி ஏற்படும். இதை நோயாளி தெரிந்து, ஒப்புக்கொண்டு உண்ண வேண்டும். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்" என்று விற்கப்படும் பொடிகளை எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. என்ன கலந்திருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியாமல் இருக்கலாம். தெரியாமல் டைசல்ஃபிரம் உண்டவர் அன்றிரவு குடித்தால் மரணமும் நேரலாம்.

பேசுவதன் பயன்

மருந்து உடலைத் தயார் செய்கிறது. எந்த வேளையில் வேட்கை எழுகிறது, சம்பள நாளன்று எந்தத் தெரு வழியாக வீடு திரும்புவது, "ஒரு கட்டிங் மட்டும்" என்று அழைக்கும் நண்பரிடம் என்ன சொல்வது என்பனவற்றை மருந்து கற்றுத் தராது. அதற்கு ஆற்றுப்படுத்துதல் தேவை. அதைச் செய்ய மனநல மருத்துவர்தாம் வேண்டும் என்பதும் இல்லை.

கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்கத் என்னும் அமைப்பு நடத்திய ஆய்வு 2017-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. கேடு தரும் அளவில் குடித்தும் கடும் சார்புநிலையை எட்டாத 377 ஆண்கள் அதில் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு வழக்கமான கவனிப்பு தரப்பட்டது. மறு பாதியினருக்கு அதனோடு, மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசினர். மூன்று மாதத்தில் முதல் பிரிவில் 26 விழுக்காட்டினரும் இரண்டாம் பிரிவில் 36 விழுக்காட்டினரும் ஆபத்தான குடியிலிருந்து மீண்டனர். ஓராண்டு முடிவில் இவ்வேறுபாடு இன்னும் விரிந்தது: முன்னவர் 32, பின்னவர் 54 விழுக்காடு. நான்கு உரையாடல்களுக்கு இது சிறிய பலன் அன்று. அதே வேளையில், பேச்சு கிடைத்தவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் மீளவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. நூற்றுக்கு நூறு உத்தரவாதம் தருவதாக விளம்பரம் செய்யும் எந்த மையமும் பொய் சொல்கிறது.

தமிழகத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று மக்கள் அழைப்பது அதைத்தான். அந்நிறுவனம் 1980களின் இறுதியிலிருந்து மஞ்சக்குடி என்னும் கிராமத்தில் சிகிச்சை முகாம்கள் நடத்தியது. நோயாளியை நகரத்துக்கு அழைக்காமல் சிகிச்சையைக் கிராமத்துக்குக் கொண்டு சென்றதும், முகாமுக்குப் பின் தொடர் கவனிப்பை ஊராரின் துணையோடு நடத்தியதும் அதன் சிறப்புகள். தன் ஊரார் முன்னிலையில் குடியை விட்டவருக்கு அந்த ஊரே காவலாகிறது.

'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' எனப்படும் குடிமீண்டோர் கூட்டங்கள் குறித்துத் தோழர்களுக்குத் தயக்கம் இருப்பது உண்டு. 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய அவ்வியக்கம் மேலான ஒரு சக்தியைப் பற்றிப் பேசுகிறது. ஆயினும் 2020-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து மதுவை விலக்கி வாழ்வதில் இம்முறை பிற முறைகளுக்கு நிகராகவோ மேலாகவோ பலன் தருவதாகக் கண்டது. கட்டணம் இல்லை, ஆண்டு முழுவதும் கூட்டம் உண்டு, தன்னைப் போன்றே விழுந்து எழுந்தவர் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார். பலன் தருவது பெரிதும் இந்தக் கூட்டுறவே. கடவுள் நம்பிக்கை அற்ற தோழரும் அங்கே சென்று அமரலாம். செல்ல விரும்புபவரைக் கிளை தடுக்கக் கூடாது.

குடும்பமும் வேலையும்

நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரித்து அடைப்பதே சிகிச்சை என்று கருதப்பட்ட காலத்தில், 1950களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்க வைத்தார். பின்னர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் நிம்ஹான்ஸும் இம்முறையைத் தமதாக்கிக்கொண்டன. குடிநோயில் இது இருமடங்கு தேவை. ஆண்டுக்கணக்கில் அடியும் அவமானமும் கடனும் சுமந்த மனைவிக்கும் அஞ்சி வளர்ந்த பிள்ளைக்கும் ஆறுதலும் பாதுகாப்பும் வேண்டும். கணவரைத் திருத்தும் பொறுப்பை மனைவியின் தலையில் கட்டுவது குடும்பச் சிகிச்சை ஆகாது. வீட்டில் வன்முறை தொடருமானால், நோய் என்ற பெயரால் அதை மன்னிக்கச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. அவளுடைய பாதுகாப்பே முதலில் வர வேண்டும்.

வாழும் சூழல் மாறுவதன் வலிமையை வியட்நாம் போர் எதிர்பாராத வகையில் காட்டியது. அங்கே ஹெராயினுக்கு அடிமையாகி, அதிலிருந்து விடுவிக்கப்பட்டு நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்தார். திரும்பிய முதல் ஆண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானோர் சுமார் 5 விழுக்காடு மட்டுமே. போதை மலிந்த போர்க்களம் பின்னே போயிற்று. வீடும் புதிய வாழ்வும் முன்னே இருந்தன. லிங்கராஜபுரத்துத் தொழிலாளிக்கு இது தலைகீழ். சிகிச்சை முடிந்து அவர் திரும்புவது அதே தெருவுக்கு, அதே கடனுக்கு, 90 மில்லி மது உறை கைக்கெட்டும் அதே கடை வாசலுக்கு. இங்கே வேலை, கடன் சீரமைப்பு, மாலை நேரத்தைக் கழிக்க ஓர் இடம் ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளே. மூன்று மாதத்துக்குக் குறைந்த சிகிச்சையால் பலன் குறைவு என்று அமெரிக்க தேசிய போதை ஆய்வு நிறுவனம் தன் வழிகாட்டும் கோட்பாடுகளில் கூறுகிறது. மூன்று மாதம் படுக்கையில் கிடக்க வேண்டும் என்பது அதன் பொருள் அன்று. அத்தனை காலமேனும் தொடர்பு அறுபடக் கூடாது என்பதே பொருள்.

அடைத்து வைப்பதும் அடிப்பதும்

வேன் ஏற்றிக் கொண்டுபோய், கைபேசியைப் பறித்து, அடித்து, பட்டினி போட்டு "திருத்தும்" இடங்கள் நாட்டின் பல பகுதிகளில் உள்ளன. கட்டாயத் தடுப்பு மையங்களை மூடுமாறு ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012-இல் கூட்டாகக் கோரின. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பொருள் சார்ந்த மனநிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இத்தகைய மையங்கள் பதிவு பெற வேண்டும். நோயாளியைச் சங்கிலியால் பிணைக்கக் கூடாது. கொடுமையாக நடத்தக் கூடாது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டதை எவரும் மறந்துவிடலாகாது. அச்சத்தால் நின்ற குடி, அச்சம் தீர்ந்ததும் திரும்பும். அடிபட்டவர் அடுத்த முறை உதவி கேட்கவும் வரமாட்டார்.

இளைஞர்களிடையே கஞ்சாவும் வலிநிவாரணி மாத்திரைகளும் பரவி வருவதால் வாலிபர் சங்கம் இன்னொரு சட்ட விவரத்தை அறிந்திருக்க வேண்டும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையாகி, பயன்படுத்திய குற்றத்துக்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்குக்கு உள்ளானவர், அரசு அல்லது உள்ளாட்சி நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும். பையன் சிக்கினால் சிறைதான் என்ற அச்சத்தில் பெற்றோர் நோயை மறைக்கின்றனர். அந்த அச்சத்தைக் களைய இப்பிரிவு உதவும்.

கிளையின் கடமை

கோரிக்கைகள் தெளிவானவை. பெங்களூருவில் வார்டுதோறும் 'நம்ம கிளினிக்'குகள் திறக்கப்பட்டன. அவற்றில் தமிழும் கன்னடமும் அறிந்த பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரும், மருந்துகளும், கூலி போகாத மாலை நேர வேளையும் வேண்டும். மது வருவாயில் ஒரு பங்கு சட்டப்படி சிகிச்சைக்கென ஒதுக்கப்பட வேண்டும். கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2016-இல் தொடங்கிய 'விமுக்தி' இயக்கம், பிரச்சாரத்தோடு நிற்காமல் மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனைகளில் மீட்பு மையங்களை ஏற்படுத்தியது. கர்நாடகத்தில் அதைக் கேட்டுப் போராட முடியும்.

உடனடியாகச் செய்யக்கூடியவையும் உள்ளன. ஒரு மையத்தைப் பற்றி விசாரிக்க வரும் குடும்பத்துக்குத் தோழர்கள் ஐந்து கேள்விகளைக் கற்றுத் தரலாம். மையம் பதிவு பெற்றதா? மருத்துவர் நாள்தோறும் வருகிறாரா? நோயாளியைக் குடும்பம் பார்க்கவும் பேசவும் முடியுமா? அங்கிருந்து வந்தபின் எத்தனை மாதம் தொடர்பு கொள்வார்கள்? மீண்டும் குடித்தால் திரும்ப ஏற்பார்களா? முதல் மூன்றில் எதற்கேனும் 'இல்லை' என்ற பதில் வந்தால் அங்கே சேர்க்கக் கூடாது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸ் எண் 14416. இரண்டும் கட்டணமற்றவை. இவை ஒவ்வொரு கிளைச் செயலாளரின் கைபேசியிலும் இருக்க வேண்டும்.

இறுதியாக, கட்சிக்குள்ளேயே உள்ள ஒன்றைப் பேசாமல் இவ்வகுப்பை முடிக்க இயலாது. குடிக்கும் தோழரைப் பற்றிக் கிளைகளில் இரண்டு வழக்கங்கள் காணப்படுகின்றன. அவர் நல்ல உழைப்பாளி என்றால் எவரும் வாய் திறப்பதில்லை. ஒரு நாள் கூட்டத்துக்கே குடித்துவிட்டு வந்தால் உடனே நீக்கத் தீர்மானம் வருகிறது. மௌனத்துக்கும் நீக்கத்துக்கும் இடையில் செய்ய வேண்டிய வேலை எதுவும் செய்யப்படுவதில்லை. கட்டுப்பாடு தேவையில்லை என்பது இதன் பொருள் அன்று. நோயுற்றவர் பொறுப்பிலிருந்து விலகியிருக்கலாம். நிதி கையாளும் வேலையை வேறொருவர் ஏற்கலாம். வீட்டில் கை ஓங்கினால் நடவடிக்கை கட்டாயம் வேண்டும். ஆனால், காசநோய் வந்த தோழருக்கு மருந்து வாங்கிக் கொடுத்து, ஆறு மாதம் விடாமல் விசாரிக்கும் கிளை, குடிநோய் வந்த தோழருக்கு அதைச் செய்யாமல் இருக்க நியாயம் எதுவும் இல்லை.

அவரோடு மருத்துவமனைக்கு ஒருவர் செல்ல வேண்டும். அந்த நாளின் கூலியைக் கிளை ஈடுசெய்ய வேண்டும். திரும்பி வந்தபின் வாரம் ஒருமுறை, குறைந்தது மூன்று மாதம், ஒரு தோழர் அவர் வீட்டுக்குச் சென்று தேநீர் குடித்துப் பேசிவிட்டு வர வேண்டும். மீண்டும் குடித்தால் மறுநாள் காலையிலும் அதே தோழர் போக வேண்டும். மேலே சொல்லப்பட்ட ஆய்வுகளும் முகாம்களும் காட்டுவதில் பெரும்பகுதி, விடாத இந்தத் தொடர்பின் பலனே. அதைத் தருவதற்கு ஒரு கட்சிக் கிளை யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.